தூரத்துக்குத் தகுந்த சம்பளம்

எந்த ஊதியக் குழுவும் எழுதிவைக்காத, ஆனால் எல்லா அரசுகளும் பிசகாமல் கடைப்பிடிக்கிற ஊதிய விதி ஒன்று நம் நாட்டில் உண்டு. மூன்று வயதுக் குழந்தையின் ஒழுகுகிற மூக்கிலிருந்து நீங்கள் எவ்வளவு தள்ளி இருக்கிறீர்களோ, அவ்வளவுக்கு உங்கள் சம்பளம்.

மூக்கைத் துடைத்துவிடுகிற அங்கன்வாடி உதவியாளருக்கு, ஊரார் ஆயா என்று கூப்பிடுகிறவருக்கு, மாதம் 4,100 ரூபாயில் தொடங்கும். பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்கிற டீச்சருக்கு 7,700. அவருடைய பதிவேட்டில் கையெழுத்துப் போட வருகிற மேற்பார்வையாளருக்கு அதைவிட நன்றாகவே கூட. மேற்பார்வையாளரை அதட்டுகிறவருக்கு ஜீப். ஜீப்பில் வருகிறவருக்குப் பயிற்சி கொடுக்கிறவருக்கு ஏசி ரயில் டிக்கெட். அவருக்கே பயிற்சி கொடுக்கிறவர் விமானத்தில் வந்து இறங்குவார். எல்லாருக்கும் மேலே, குழந்தையின் மூளை வளர்ச்சி பற்றிக் கொள்கைக் குறிப்பு எழுதுகிறவர் ஒருவர் இருக்கிறார். அவர் கடைசியாகத் தூக்கிவைத்துக்கொண்ட குழந்தை அவருடைய அக்கா மகன். அவனுக்கு இப்போது டல்லாஸில் சொந்த வீடு இருக்கிறது.

இந்த மேல்படிக்காரர்களைப் பற்றித்தான் இங்கே பேச்சு. குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு, குழந்தைகளை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சொல்லித்தருகிற திருக்கூட்டத்தார். மாஸ்டர் டிரெய்னர், ரிசோர்ஸ் பர்சன், கருத்தாளர் என்று பல திருநாமங்கள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் மைக், பையில் பென் டிரைவ். பென் டிரைவ் திறக்காவிட்டால் அன்றைக்கு ஞானமும் திறக்காது.

பயிற்சி எப்படி நடக்கும் என்று பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கூட்ட அரங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். சேடபட்டி, செல்லம்பட்டிக் கிராமங்களிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, வீட்டில் சோறாக்கிவைத்துவிட்டு, டீச்சர்கள் ஒன்பதரைக்கே வந்துவிடுவார்கள். கருத்தாளர் பதினொன்றுக்கு வருவார். வந்ததும் முதல் வேலை, எல்லாரும் தங்கள் பேரோடு பிடித்த பூவின் பேரையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஐம்பது வயதுப் பெண்கள், முப்பது வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டியவர்கள், எழுந்து நின்று "என் பேரு இன்னது, எனக்குப் பிடிச்ச பூ மல்லிகை" என்பார்கள். மதுரைச் சீமையில் வேறு என்ன பூவைச் சொல்வது? எழுபது பேரில் அறுபது பேர் மல்லிகை. பிறகு மல்லிகை, முல்லை, பிச்சி என்று குழு பிரிப்பார்கள். மல்லிகைக் குழுவுக்குப் போக அடிதடி நடக்கும்.

அடுத்தது மழைக் கைதட்டல். முதலில் ஒரு விரலால் தட்டவேண்டும், தூறல். பிறகு இரண்டு விரல், மூன்று விரல். கடைசியில் இரண்டு கையாலும் படபடவென்று தட்டினால் அடைமழை. வானம் பார்த்த பூமியான அந்தப் பக்கத்தில் அடைமழை தவறாமல் பெய்கிற இடம் இந்தப் பயிற்சிக்கூடங்கள் மட்டும்தான்.

பிறகு சிலைடு. ஆங்கிலத்தில் இருக்கும். கருத்தாளர் அதை ஆங்கிலத்திலேயே வாசித்து, கடைசியில் மட்டும் தமிழில் "புரியுதுங்களா?" என்பார். பதினான்காவது சிலைடில் பெரிய எழுத்தில் ஓர் உண்மை வரும். குழந்தை உட்கார்ந்து கேட்டுக் கற்பதில்லை, ஓடி ஆடித் தொட்டுப் பார்த்துத்தான் கற்கிறது. இந்த உண்மையை எழுபது பெண்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் காலை முதல் மாலைவரை உட்கார்ந்து கேட்டுக் கற்கிறார்கள்.

மதியம் பொட்டலம். அதற்குப் பிறகு சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவும். நடுவில் ஒரு வட்டம், சுற்றி ஐந்து இதழ். உடல், அறிவு, மொழி, சமூகம், மனவெழுச்சி. ஐந்து இதழுக்கும் வண்ணம் அடித்துச் சுவரில் ஒட்டினால் முழுமையான வளர்ச்சி வந்துவிட்டது. போட்டோ எடுத்து மேலே அனுப்பியாயிற்று.

இதற்கு நடுவே யாராவது ஒரு டீச்சர் எழுந்து உருப்படியாகக் கேட்டுவிடுவார்.

"மேடம், புதுசா சேந்த பிள்ளைக ரெண்டு காலையிலருந்து ஏங்கி ஏங்கி அழுகுதுக. ஆயா போஸ்ட் காலி. அடுப்புல பருப்பு கெடக்கு. நான் அழுகுற பிள்ளையத் தூக்குறதா, அடுப்பப் பாக்குறதா, மத்த பிள்ளைகளுக்குக் கதை சொல்றதா?"

"ரொம்ப நல்ல கேள்வி. நாளைக்கு மூணாவது செஷன்ல அது கவர் ஆகும்."

மறுநாள் மூன்றாவது செஷன் குரூப் போட்டோ.

பயிற்சி தொடங்குமுன் ஒரு தேர்வு, முடிந்தபின் அதே தேர்வு. இரண்டாவது தடவை விடையைக் கரும்பலகையில் எழுதிப்போட்டுவிடுவார்கள். மதிப்பெண் கூடியிருக்கும். அது வரைபடமாகும், வரைபடம் அறிக்கையாகும், அறிக்கை அடுத்த வருஷ நிதியாகும். இந்தச் சங்கிலியில் எங்கேயாவது ஒரு குழந்தை தட்டுப்படுகிறதா என்று தேடாதீர்கள். கருத்துப் படிவத்தில் எழுபது பேரும் எழுதியிருப்பார்கள்: மிகவும் பயனுள்ளதாக இருந்தது. வேறு என்ன எழுத முடியும்? படிவத்தின் மேலே மையத்தின் எண் இருக்கிறதே.

நல்ல பயிற்றுநர்களே இல்லையா என்றால், இருக்கிறார்கள். டீச்சராக இருந்து மேற்பார்வையாளராக வந்த சிலர். கடிக்கிற பிள்ளையை என்ன செய்வது, சாப்பாட்டைத் துப்புகிற பிள்ளைக்கு எப்படி ஊட்டுவது, குடித்துவிட்டு வந்து பிள்ளையைக் கேட்கிற அப்பனிடம் எப்படிப் பேசி அனுப்புவது எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அவர்கள் பேச எழுந்தால் அரங்கில் ஒருவரும் செல்போனைப் பார்க்கமாட்டார்கள். அதனால்தானோ என்னவோ, அவர்களுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொருகுகிற நேரத்தையே ஒதுக்குவார்கள்.

இந்தச் சடங்கு வளர்ந்த கதையையும், அதாவது தேய்ந்த கதையையும், கொஞ்சம் பார்க்கலாம். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது 1975 அக்டோபர் 2. அதற்கு அடித்தளம் போட்டது மீனா சுவாமிநாதன் தலைமையில் 1970-72-ல் பள்ளிமுன் பருவக் கல்வியை ஆராய்ந்த குழு. அந்தக் காலத்தில் அங்கன்வாடி டீச்சருக்குப் பணிப்பயிற்சி என்றால் மூன்று நான்கு மாதம், விடுதியில் தங்கி. அப்புறம் அது 26 வேலைநாள் ஆயிற்று. அதற்கும் அப்புறம் அந்தப் பயிற்சி மையங்களுக்குப் போய்க்கொண்டிருந்த மத்திய நிதியே நின்றுபோனது. 2018-ல் போஷன் அபியான் வந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொள்ளுங்கள் என்று 21 பாடத் தொகுதிகளை மேலிருந்து கீழே இறக்கியது. டெல்லி மாநிலத்துக்குச் சொல்லும், மாநிலம் மாவட்டத்துக்கு, மாவட்டம் வட்டாரத்துக்கு, வட்டாரம் டீச்சருக்கு. மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்துசேர்கிற கதைதான்.

2023 மே மாதம் டெல்லியில் ஆரவாரமாகத் தொடங்கினார்கள் 'போஷன் பி படாய் பி'. ஊட்டச்சத்தும் வேண்டும், படிப்பும் வேண்டும். யார் மறுத்தது? மாநில அளவிலான மாஸ்டர் டிரெய்னர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி, அவர்கள் போய் டீச்சர்களுக்கு மூன்று நாள் பயிற்சி. இரண்டு நாள் படித்தவர் மூன்று நாள் சொல்லித்தருகிறாரே, மீதி ஒரு நாள் எங்கிருந்து வருகிறது என்று கேட்பீர்கள். அதுதான் மழைக் கைதட்டல்.

அந்த மூன்று நாள் ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கு, பழைய நான்கு மாதம் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு, இரண்டையும் ஒப்பிடலாமா என்று அதிகாரிகள் கேட்பார்கள். சரி, ஒப்பிட வேண்டாம். 2025-ல் தமிழ்நாட்டில் 7,783 அங்கன்வாடிக் காலியிடங்களை நிரப்ப அறிவிப்பு வந்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு அந்தப் பட்டியல் வழியே வருகிற பெண் எந்த விடுதியில் எத்தனை மாதம் தங்கிப் படிக்கப்போகிறார் என்று மட்டும் சொல்லட்டும். 2020 தேசியக் கல்விக் கொள்கை அதற்கும் வழி சொல்லியிருக்கிறது. பன்னிரண்டு படித்தவர்களுக்கு ஆறு மாதச் சான்றிதழ், அதற்குக் கீழே படித்தவர்களுக்கு ஒரு வருஷ டிப்ளமோ, இரண்டும் டிடிஎச் சேனலிலும் ஸ்மார்ட்போனிலும். பாலூட்டும் தாயிடம் போய்க் குழந்தைக்கு செல்போன் காட்டாதீர்கள் என்று சொல்ல, அந்த டீச்சர் செல்போனில் படித்துத் தேறுவார்.

பயிற்சிகளுக்கெல்லாம் தலைமைப் பீடமாக டெல்லியில் ஒரு தேசிய நிறுவனம் 1966 முதல் இருக்கிறது. 2025-ல் அதற்கு சாவித்திரிபாய் பூலே பெயரை வைத்தார்கள். பள்ளிக்கு நடந்துபோகும் வழியில் சாணியும் கல்லும் எறிந்ததால் மாற்றுச் சேலையைப் பையில் வைத்துக்கொண்டு போன அம்மையார் அவர். நம் டீச்சரின் பையிலும் மாற்றுச் சேலை உண்டு. பிள்ளைகள் மடியிலேயே எல்லாம் போய்விடுவார்கள். பயிற்றுநரின் பையில் பென் டிரைவ்தான் இருக்கிறது என்று முன்பே சொன்னேன்.

இதற்கு மாற்று உண்டா, இல்லை சும்மா வயிற்றெரிச்சலா என்று கேட்பவர்களை நான் இத்தாலிக்கோ பின்லாந்துக்கோ அனுப்பமாட்டேன். மதுரை மாட்டுத்தாவணியில் திருச்சி பஸ் ஏறி, மேலூர் தாண்டி, கொட்டாம்பட்டியில் இறங்கச் சொல்வேன். 1980-ல் உலக வங்கிக் கடனில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தபோது, முதலில் சோதித்துப் பார்த்தது மதுரை மாவட்டத்தின் அந்த ஒன்றியத்தில்தான். ஊட்டச்சத்துப் பணியாளரைத் தேர்ந்தெடுத்த விதத்தைக் கேளுங்கள். உள்ளூர்க்காரியாக இருக்கவேண்டும், ஏழையாகவே இருந்தாலும் தன் பிள்ளைகளைத் திடமாக வளர்த்திருக்கவேண்டும். அதாவது தகுதிச் சான்றிதழ் அவர் இடுப்பில் உட்கார்ந்திருந்தது. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளை மாதாமாதம் எடை போடுவார்கள். எடை ஏறாமல் நின்ற பிள்ளைக்கு மட்டும் தொண்ணூறு நாள் லட்டு. பத்துப் பணியாளருக்கு ஒரு மேற்பார்வையாளர். அதற்கு மேலே, கவனியுங்கள், பயிற்றுநர் என்றே ஒரு பெண், வட்டாரத்துக்குள்ளேயே இருந்து மையம் மையமாகப் போய், தராசு பிடிக்கிற கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார். கடும் ஊட்டக்குறைவு கண்கூடாகக் குறைந்தது என்று கடன் கொடுத்தவர்களின் மதிப்பீடே சொன்னது. உலகம் முழுக்க ஊட்டச்சத்துப் படிக்கிறவர்கள் இந்தத் திட்டத்தைப் பாடமாகப் படிக்கிறார்கள். 1997-ல் அதை ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தோடு கரைத்தோம். பத்து மையத்துக்கு ஒருவர் என்பது இருபது, இருபத்தைந்துக்கு ஒருவர் ஆயிற்று. மையத்துக்கு வந்த பயிற்றுநர் மறைந்து, மையத்தைப் பூட்டிவிட்டுப் போகவேண்டிய பயிற்சி வந்தது.

குறை இல்லாத திட்டம் என்று சொல்லவில்லை. கதை சொல்வதும் பாட்டுப் பாடுவதும் அதில் முக்கியமாக இல்லை, சோறும் எடையும்தான். ஆனால் பயிற்றுநருக்குச் செருப்புத் தேய்ந்தது.

அரசுக்காரர்களை மட்டும் திட்டிவிட்டுத் தனியாரை விட்டால் பாவம் பிடிக்கும். மதுரையில் பைபாஸ் ரோட்டிலிருந்து புதூர் வரைக்கும் ஒரு தடவை போய்வாருங்கள். செல்போன் ரிப்பேர் கடைக்கு மேல்மாடியில், டியூஷன் சென்டருக்குப் பக்கத்தில், மாண்டிசோரி அம்மையார் பலகையில் தொங்குவார். ஆறே மாதத்தில் மாண்டிசோரி டீச்சர். ஞாயிறு மட்டும் வகுப்பு. வீட்டிலிருந்தபடியே படிக்கலாம். நூறு சதவீத வேலைவாய்ப்பு. இலவச இங்கிலீஷ் ஸ்பீக்கிங்.

அந்த அம்மையார் எங்கோ ரோம் நகரத்தில் இருந்தவர் என்று நினைத்துக்கொண்டு பலகை மாட்டுகிறார்கள். 1939-ல் அடையாறு தியசாபிகல் சொசைட்டிக்கு வந்து, ஓலைக் கொட்டகையில் முந்நூறு பேருக்குப் பயிற்சி தொடங்கினார் மரியா மாண்டிசோரி. இத்தாலி போரில் இறங்கியதும் பகைநாட்டுக் குடிமகள் என்று பிரிட்டிஷ் அரசு அவரைத் தடுத்துவைத்தது. 1942 முதல் சுமார் இரண்டு வருஷம் அவர் இருந்தது கொடைக்கானலில். அன்றைக்கு அது மதுரை மாவட்டம். ஆக, மாண்டிசோரி நம் மாவட்டத்துக்காரியாகவே இரண்டு வருஷம் வாழ்ந்திருக்கிறார். அவரிடம் பயிற்சிக்கு வந்தவர்களுக்கு அவர் கொடுத்த வேலைகளிலேயே கடினமானது, பேசாமல் ஓர் ஓரத்தில் உட்கார்ந்து குழந்தையைக் கவனிப்பது. மணிக்கணக்கில். குறுக்கிடாமல். பார்த்ததை எழுதிக்கொண்டு.

நம் மேல்மாடி டிப்ளமோவில் கவனிக்க முடியாது. ஏனென்றால் அங்கே குழந்தை கிடையாது. கண்ணாடி அலமாரிக்குள் இளஞ்சிவப்புக் கோபுரம் இருக்கும், பத்து மரக்கட்டைகள், தூசி படியாமல், பூட்டுப் போட்டு. கால் பவுனை அடகு வைத்துப் பணம் கட்டிய பெண் அந்தக் கட்டையை ஒரு தடவைகூடத் தொடாமல் தேறிவிடுவார். பள்ளிமுன் கல்விக்கென்று தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் அங்கீகரிக்கிற இரண்டு வருஷப் பட்டயம் ஒன்று இருக்கிறது. இந்தப் பலகைக்காரர்களிடம் அதைப் பற்றிக் கேட்டுப்பாருங்கள். "அதெல்லாம் கவர்மெண்ட்டுக்குங்க, நம்மளுது இண்டர்நேஷனல்" என்பார்கள். மாண்டிசோரி என்கிற பெயர் யாருக்கும் சொந்தமில்லை, சட்டப்படி யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம். சர்வதேசச் சான்றிதழை வாங்கிக்கொண்டு அந்தப் பெண் பக்கத்துத் தெரு விளையாட்டுப் பள்ளிக்குப் போவார். மாதம் ஐந்தாயிரம், ஆறாயிரம். மாவட்டம் தாண்டாத சர்வதேசம்.

இதுவரைக்கும் சிரித்துக்கொண்டு சொன்னேன். இனி முடியாது.

2025 ஏப்ரல் 29. மதுரை கே.கே.நகரில் ஒரு தனியார் மழலையர் பள்ளி. கோடை வகுப்பு நடந்துகொண்டிருந்தது. நான்கு வயதுக் குழந்தை, மூடாமல் கிடந்த தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து இறந்தாள். ஊரின் நடுவில், ஆட்சியர் அலுவலகமும் நீதிமன்றமும் இருக்கிற பக்கத்தில். தாளாளர் கைதானார், பள்ளிக்குச் சீல் வைத்தார்கள், கோடை வகுப்புகளை நிறுத்தச் சுற்றறிக்கை போனது. மறுநாளே எல்லாத் தொட்டிகளையும் மூடியிருப்பார்கள். நம் நிர்வாகத்துக்கு ஒரு குழந்தை விழுந்தால்தான் ஒரு மூடி கிடைக்கும். 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் எரிந்தபின்தான் மாநிலமெங்கும் பள்ளிகளின் கூரை மாறியது.

விளையாட்டுப் பள்ளிகளுக்கென்று தமிழக அரசின் விதித்தொகுப்பு 2015-லேயே வந்துவிட்டது. விதி இருந்தது, மூடி இல்லை. இதில் பயிற்றுநரை எதற்கு இழுக்கிறாய் என்பீர்கள். இழுக்கத்தான் வேண்டும். குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற ஒருவருக்கு முதல் நாள் முதல் மணிநேரத்தில் சொல்லவேண்டிய பாடம் மூளையின் நரம்பிணைப்பு அல்ல. குழந்தை வருவதற்கு முன்னால் இடத்தைச் சுற்றி வா. தொட்டி, கிணறு, பிளக் பாயிண்ட், கேட் கொண்டி, கொதிக்கிற சாம்பார். தலையை எண்ணு. வெளியே அழைத்துப்போகும்போது எண்ணு, உள்ளே வந்ததும் எண்ணு. சாப்பாட்டுக்கு முன்னால் எண்ணு. இதைச் சொல்லித்தரப் பென் டிரைவ் வேண்டாம், ஏசி அரங்கு வேண்டாம், பயிற்றுநர் அந்த இடத்துக்கு வந்து நடந்துகாட்டவேண்டும், அவ்வளவுதான். நான் பார்த்த சிலைடுகளில் மூளைக்கு எட்டுப் படம் இருந்தது. தொட்டிக்கு ஒன்றுகூட இல்லை.

குழந்தைக்குப் பக்கத்தில் போவதென்பதே நம் ஊரில் பதவி இறக்கம் ஆகிவிட்டது. இதற்கு அரசாங்க ஆவணமே இருக்கிறது. 2019 ஜனவரியில், நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்கேஜி, யுகேஜி தொடங்கினார்கள். நல்ல காரியம். உபரியாக இருந்த இடைநிலை ஆசிரியர்களை அங்கே அனுப்பினார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து நான்கு வயதுக்கு அனுப்புவது எங்கள் தகுதியைக் குறைப்பது என்று சங்கங்கள் கொதித்தன. வழக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைவரை வந்தது. அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருந்தது, அந்த வயதுக்கென்று யாரும் அவர்களைத் தயார்படுத்தவில்லை. ஆனால் சண்டை அதற்காக நடக்கவில்லையே. எங்களுக்குப் பயிற்சி கொடுங்கள் என்று ஒரு கோஷம் எழுந்திருந்தால் நானும் கொடி பிடித்திருப்பேன். 2022-ல் அந்த ஆசிரியர்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு, மழலையர் வகுப்புகளைக் கைகழுவப் பார்த்தார்கள். கூச்சல் எழுந்ததும் பின்வாங்கி, தற்காலிக ஆசிரியர்களை வைத்தார்கள். மாதம் 5,000 ரூபாய். மூக்குக்கும் சம்பளத்துக்கும் உள்ள விதி பிசகவே இல்லை, பார்த்தீர்களா?

மதுரைக்காரர்களுக்குப் பிட்டு விற்ற வந்திக் கிழவியின் கதை தெரியும். உதிர்ந்த பிட்டுக்கு மண் சுமந்த சிவன் முதுகில் பாண்டியன் பிரம்பால் அடித்தான், அடி உலகத்தார் எல்லார் முதுகிலும் விழுந்தது. புட்டுத் திருவிழாவுக்கு ஆவணி மாதம் இன்னும் கூட்டம் கூடுகிறது. இங்கே நடப்பது அதற்கு நேர்மாறு. எல்லாரும் செய்கிற தப்புக்கும் ஒரே முதுகு. போஷன் டிராக்கர் செயலியில் பதிவு விழவில்லையா, டீச்சருக்கு மெமோ. 2025 ஜூலையிலிருந்து, சத்துமாவுப் பாக்கெட் கொடுக்கவேண்டுமானால் தாயின் முகத்தை செயலி அடையாளம் கண்டாகவேண்டும். களை பறித்துக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டு வெயிலில் நிறுத்தி, கண் சிமிட்டச் சொல்லி, நெட்வொர்க் இல்லாமல் மூன்றாம் தடவை சிமிட்டச் சொல்லி. 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் திருத்தம் வந்தது. பல டீச்சர்கள் வாக்குச்சாவடி நிலை அலுவலர்களாகப் படிவக் கட்டோடு வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். பிள்ளைகள் ஆயாவிடம். ஆயா இல்லாத இடத்தில் யாரிடம் என்று எந்த அறிக்கையும் சொல்லவில்லை.

இதற்கெல்லாம் பயிற்சி உண்டா என்றால் தாராளமாக உண்டு. செயலிக்குப் பயிற்சி, முகப்பதிவுக்குப் பயிற்சி, படிவத்துக்குப் பயிற்சி. 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்று தமிழ்நாட்டுக்கே சொந்தமாக அருமையான முன்பருவக் கல்விப் பாடத்திட்டம் ஒன்று இருக்கிறது. மாதத்துக்கு ஒரு கருப்பொருள், பாட்டு, கதை, விளையாட்டு. அதைத் திறக்கிற நேரம்தான் கிடைப்பதில்லை. டெல்லியிலிருந்து அதற்கு மேலே 48 வாரத் திட்டம் ஒன்றும், மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கு 140 செயல்பாடுகளும் வந்திறங்கியிருக்கின்றன. புத்தகத்துக்குக் குறையில்லை. தமிழ்நாட்டின் 54,439 மையங்களில் அதைப் பிரிக்க ஒரு கை ஓய்வாக இருக்கவேண்டும். உச்ச நீதிமன்றம் 2022-ல் ஒரு வழக்கில் இந்த டீச்சர்களுக்கும் ஆயாக்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று சொல்லும்வரை, இது வேலையா தொண்டா என்பதே தீர்மானமாகாமல் கிடந்தது. தொண்டு என்று சொன்னவர்கள் யாரும் தங்கள் பயணப்படியை வேண்டாம் என்று சொன்னதாகத் தெரியவில்லை.

திட்டிக்கொண்டே இருந்தால் ஆயிற்றா, ஏதாவது செய்யவேண்டாமா? ஆகவே மாஸ்டர் டிரெய்னர்கள், கருத்தாளர்கள், ஆலோசகர்கள், மேல்மாடி மாண்டிசோரி முதல்வர்கள் அனைவருக்கும் பணிவோடு ஒரு சுற்றறிக்கையை நானே தயாரித்திருக்கிறேன். கையெழுத்துப் போட ஆட்சியர்கள் முன்வந்தால் நகல் அனுப்பத் தயார்.

பொருள்: பயிற்றுநர்களுக்கான பணியிடைப் பயிற்சி. இடம்: செல்லம்பட்டி ஒன்றியத்தில் உதவியாளர் பணியிடம் காலியாக உள்ள ஏதாவது ஓர் அங்கன்வாடி மையம். காலம்: ஆறு வேலைநாள். பயிற்றுநர் காலை எட்டரைக்கு மையத்தைத் திறந்து, பெருக்கி, தண்ணீர் பிடித்து, தொட்டி மூடியிருக்கிறதா என்று பார்த்து, அடுப்பைப் பற்றவைக்கவேண்டும். இருபது பிள்ளைகளுக்குக் குறையாமல் இருப்பார்கள், அவர்களில் இருவராவது புதிதாகச் சேர்ந்தவர்களாக இருப்பது உறுதிசெய்யப்படும். பென் டிரைவுக்கு அனுமதி இல்லை. மழைக் கைதட்டல் செய்யலாம், ஆனால் அந்த நேரத்தில் பருப்பு அடிப்பிடித்தால் பயிற்றுநரே பொறுப்பு. மூன்றாம் நாள் பதினோரு மணிக்கு முன்னறிவிப்பின்றி ஓர் ஆய்வு அதிகாரி ஜீப்பில் வந்து, பதிவேடு ஏன் முடிக்கவில்லை என்று பிள்ளைகள் முன்னால் கேட்பார். அங்கே ஏற்கெனவே பணிபுரியும் டீச்சர் அந்த ஆறு நாளும் ஓர் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பேசாமல், குறுக்கிடாமல் கவனித்து எழுதிக்கொள்வார். கடைசி நாள் தேர்வு உண்டு. கேள்வி ஒன்றுதான்: எத்தனை பிள்ளைகளின் பெயர் தெரியும்? விடையைக் கரும்பலகையில் எழுதிப்போடமாட்டார்கள். மதிப்பெண் போடுவது டீச்சர்.

பயணப்படி, தினப்படி கிடையாது. மதியச் சாப்பாடு உண்டு, பிள்ளைகள் சாப்பிட்டது போக மிச்சமிருந்தால். முட்டை கணக்கில் வராது.